பெரணியை ஆராய்வது எப்படி: ஸ்போர் தூசியிலிருந்து காட்டுக் கணக்கு வரை

பெரணி இலையின் அடிப்பக்கத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் பழுப்புப் புள்ளிகளைப் பார்த்து, ஏதோ பூச்சி முட்டையிட்டிருக்கிறது என்று இலையைக் கிள்ளி எறிந்தவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டத்தில் ஒருவன். அவைதாம் சோரஸ்கள். ஒவ்வொரு சோரஸிலும் பல ஸ்போர்ப் பைகள், ஒவ்வொரு பையிலும் பெரும்பாலும் 64 ஸ்போர்கள், அதாவது தூசி போலத் தெரியும் இனப்பெருக்கத் துகள்கள். பூவும் இல்லை, விதையும் இல்லை; பெரணிகள் உலகம் முழுவதும் பரவியது இந்தத் தூசியை வைத்துத்தான்.

தூசி முளைத்தால் நேராகப் பெரணி வந்துவிடாது. விரல் நகத்தைவிடச் சிறிய, இதய வடிவப் பச்சைத் தகடு ஒன்று வரும். அதற்குப் புரோதாலஸ் என்று பெயர். அதன் அடிப்பக்கத்தில் ஆணணுக்களும் அண்டமும் உருவாகி, ஆணணு நீரில் நீந்திப்போய் அண்டத்தோடு இணைந்த பிறகுதான் நாம் பெரணி என்று அழைக்கும் செடி எழும்புகிறது. ஒரே பெயரில் இரண்டு செடிகள் என்று வைத்துக்கொள்ளலாம். சின்னது தன் பாட்டுக்குத் தனியாகப் பிழைக்கும், பெரியதும் அப்படியே. காட்டுக்குப் போய்ப் பெரியதை மட்டும் எண்ணிவிட்டு, 'இந்த இனம் இங்கே வாழும், அங்கே வாழாது' என்று முடிவு எழுதினால் பாதிக் கணக்குதான் எழுதியிருக்கிறோம். கீழே சொல்லும் படிகள் எல்லாமே அந்த மறுபாதியையும் விட்டுவிடாமல் பார்ப்பதற்கானவை.

படி 1: கேள்வியைச் சிறியதாக்குங்கள்

2016இல் உலகப் பெரணி வகைப்பாட்டாளர்கள் சேர்ந்து வெளியிட்ட பட்டியல், பெரணிகளில் சுமார் 10,578 இனங்கள் இருப்பதாகக் கணக்கிட்டது. இத்தனை பெரிய கூட்டத்தில் 'பெரணிகளின் சூழலியல் மதிப்பு' என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. அது ஒரு தலைப்பு. 'இந்தச் சரிவில் பெரணிப் புதர் இருக்கும் இடத்தில் மர நாற்றுகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா?' என்பது கேள்வி. ஆம், இல்லை என்று ஏதாவது ஒரு பதில் அதற்குக் கிடைக்கும்.

எந்தச் செடிகளைச் சேர்ப்பது என்பதையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். பழைய பாடநூல்களில் செலாஜினெல்லாவும் லைக்கோபோடியமும் பெரணியின் உறவினர்களாக ஒரே அத்தியாயத்தில் இருக்கும். அவை வெகு காலத்துக்கு முன்பே பிரிந்துபோன வேறு கிளை. மாறாக, பெரணி மாதிரியே தெரியாத ஈக்விசீட்டமும் சைலோட்டமும் பெரணிக் குடும்பத்துக்குள்ளேயே இருக்கின்றன என்பதை 2001இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது. நீங்கள் எல்லாவற்றையும் சேர்த்தே எண்ணலாம், தவறில்லை. ஆனால் எண்ணியதை அப்படியே வெளிப்படையாக எழுதுங்கள்.

படி 2: பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

பெயர் சூட்டுவது குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சால்வினியாவின் கதையைச் சொல்வேன். பிரேசிலிலிருந்து கிளம்பிய இந்த மிதக்கும் பெரணி ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று போன இடமெல்லாம் ஏரிகளைப் பாய் விரித்த மாதிரி மூடியது. நெடுங்காலம் இதை சால்வினியா ஆரிகுலாட்டா என்றே கருதினார்கள். அதனால் அதைத் தின்னும் பூச்சிகளையும் ஆரிகுலாட்டா வளரும் இடங்களில் தேடிக் கொண்டுவந்து விட்டார்கள். பலன் பெரிதாக இல்லை. 1972இல்தான் இது சால்வினியா மொலெஸ்டா என்ற தனி இனம் என்று மிட்செல் விவரித்தார். அப்புறம் 1978இல் தென்கிழக்கு பிரேசிலில் அதன் சொந்த இடம் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்து எடுத்த ஒரு கூன்வண்டை 1980இல் ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விட்டார்கள். ஓராண்டு சொச்சத்தில் ஏரி தெளிந்தது.

கதை அங்கே முடியவில்லை. அந்த வண்டும் முன்பு தோற்ற வண்டும் ஒரே இனம் என்றுதான் அப்போது நம்பினார்கள். அதுவும் வேறு இனம் என்று 1985இல் தெரியவந்தது. செடியின் பெயரும் தவறு, பூச்சியின் பெயரும் தவறு. இடையில் போன ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.

அடையாளம் காண என்னென்ன பார்க்க வேண்டும்? இலை எத்தனை முறை பிரிகிறது, நரம்புகள் தனித்தனியாக ஓடுகின்றனவா அல்லது வலையாகப் பின்னுகின்றனவா, சோரஸ் வட்டமா கோடா, அதன்மேல் இண்டூசியம் என்ற மெல்லிய மூடி உண்டா, மூடி எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, தண்டின் அடியில் இருப்பது முடியா செதிலா. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று கழுத்தில் தொங்கினால் இவற்றில் பெரும்பாலானவற்றைக் காட்டிலேயே பார்த்துவிடலாம். இலையின் ஒட்டுமொத்த வடிவத்தை மட்டும் நம்பாதீர்கள். நிழலில் வளர்ந்ததும் வெயிலில் வளர்ந்ததும் இரண்டு இனம் போலத் தோன்றும்.

பெரணிகளில் கலப்பினங்களும் குரோமோசோம் பெருக்கமும் மிகச் சாதாரணம். ஓஃபியோகிளாசம் ரெட்டிகுலேட்டம் என்ற சிறிய பெரணியின் செல்லில் 1,200க்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் இருக்கின்றன, நமக்கு 46. நியூ கலிடோனியாவில் வளரும் மெசிப்டெரிஸ் ஆப்லான்சியோலாட்டாவின் மரபணுத் தொகுதி மனிதனுடையதைப் போல சுமார் 50 மடங்கு என்று 2024இல் அளந்தார்கள். இதுவரை அளக்கப்பட்ட உயிர்களில் அதுவே மிகப் பெரியது. ஆகவே டிஎன்ஏ சோதனைக்கு அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். வழக்கமாகப் படிக்கும் ஆர்பிசிஎல் போன்ற மரபணு பசுங்கணிகத்தில் இருப்பது. பொதுவாகத் தாய்வழியில் மட்டுமே வரும். கலப்பினத்தின் தந்தை யார் என்று அது சொல்லாது. அதற்கு உட்கருவின் மரபணுவும் வேண்டும்.

படி 3: மாதிரி எடுப்பது

அனுமதிக் கடிதம் கையில் இல்லாமல் காட்டில் ஓர் இலையைக்கூடப் பறிக்காதீர்கள். சயத்தியா இன மரப்பெரணிகள், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை. அவற்றின் துண்டை எல்லை தாண்டி அனுப்பவே தனி ஆவணம் கேட்பார்கள்.

நல்ல உலர் மாதிரியில் மூன்று இருக்க வேண்டும்: சோரஸ் உள்ள இலை, சோரஸ் இல்லாத இலை, செதிலோடு மட்டநிலத்தண்டின் (கிடையாக ஓடும் தண்டு) ஒரு துண்டு. சிறிய கூட்டமாக இருந்தால் தண்டை விட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாளில் அழுத்தும்போது இலையின் ஒரு பகுதியையாவது திருப்பிப் போடுங்கள். எல்லாம் மேல்பக்கமாக ஒட்டப்பட்ட மாதிரியில் சோரஸைப் பார்க்கவே முடியாது. டிஎன்ஏவுக்கு ஓர் இளம் சிற்றிலையைத் தனியாகச் சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். இடம், உயரம், தேதி, நிழல், எதன்மேல் வளர்ந்தது ஆகியவற்றை அங்கேயே நின்று எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்ட குறிப்புகளில் பாதி எனக்கு எப்போதும் 'ஓடை ஓரம், ஈரம்' என்றுதான் முடிந்திருக்கிறது.

படி 4: ஸ்போரை முளைக்கவையுங்கள்

இதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஆய்வகம் இல்லாதவர்களும் செய்யலாம். லண்டனில் மருத்துவராக இருந்த நதானியேல் வார்ட் 1829 வாக்கில் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு மூடிய சீசாவில் வைத்தார். கொஞ்ச நாளில் அந்த மண்ணில் தானாகவே ஒரு பெரணி முளைத்திருந்தது. புகை மண்டிய ஊரில் வெளியே வளர மறுத்த பெரணி சீசாவுக்குள் செழித்தது. ஸ்போருக்குத் தேவை சுத்தம், ஈரம், வெளிச்சம்; அவ்வளவுதான்.

முதலில் சரியான பருவத்தில் இலையை எடுக்க வேண்டும். சோரஸ் பச்சையாக இருந்தால் முதிரவில்லை. சாம்பல் நிறத்தில் பஞ்சு போலக் கிழிந்திருந்தால் எல்லாம் பறந்துவிட்டது. பளபளக்கும் பழுப்போ கருப்போ ஆக இருப்பதுதான் சரியான கட்டம். இலையைச் சோரஸ் கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் வைத்து, மடித்து, உலர்ந்த இடத்தில் ஓரிரு நாள் விடுங்கள். பிரித்தால் தாளில் இலையின் உருவமே தூசியாகப் படிந்திருக்கும்.

அந்தத் தூசி எப்படித் தெறிக்கிறது என்பதை ஒரு முறையாவது நுண்ணோக்கியில் பாருங்கள். ஸ்போர்ப் பையின் முதுகில் 12, 13 செல்கள் கொண்ட ஒரு வளையம் ஓடும். அதிலுள்ள நீர் ஆவியாக ஆக, வளையம் வில் மாதிரிப் பின்னால் வளையும். ஒரு கட்டத்தில் செல்லுக்குள் இருக்கும் நீர் இழுவை தாங்காமல் குமிழியாக உடைய, பை படீரென முன்னால் பாய்ந்து ஸ்போர்களை எறியும். விளக்கின் வெப்பம் பட்டாலே போதும், வரிசையாக வெடிக்கத் தொடங்கும். 2012இல் இதை அதிவேகக் கேமராவில் பிடித்து, கவண் போல வேலை செய்கிறது என்று விளக்கினார்கள்.

தாளில் விழுந்தது எல்லாமே ஸ்போர் என்று நினைத்துவிட வேண்டாம். உடைந்த பைகளும் கலந்திருக்கும். தாளைச் சாய்த்து மெல்லத் தட்டினால் குப்பை முதலில் உருண்டு போகும், ஸ்போர் தாளோடு ஒட்டி நிற்கும். இந்தக் குப்பையில்தான் பூஞ்சை வரும். என் முதல் பத்துத் தட்டுகளில் எட்டு, பூஞ்சை வளர்ப்புப் பண்ணையாகவே ஆகிப்போயின.

விதைக்கும் முன் ஒரு பையை உடைத்து ஸ்போர்களை எண்ணுங்கள். 64 இருந்தால் அந்தச் செடி பால்முறையில் இனப்பெருக்கம் செய்வதாக எடுத்துக்கொள்ளலாம். 32தான் இருந்து, ஒவ்வொன்றும் சற்றுப் பெரிதாகவும் இருந்தால், கருவுறாமலே புரோதாலஸிலிருந்து புதுச்செடி எழும் வகையாக இருக்கக்கூடும். ஐந்து நிமிட வேலை. பின்னால் பல மாதக் குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட்டில் சில நிமிடம் வைத்து, கிருமி நீக்கிய நீரில் பலமுறை அலசி, சர்க்கரை சேர்க்காத கனிம உப்பு அகார் (கடற்பாசிக் கூழ்) தட்டில் தூவலாம். தட்டு இல்லையென்றால், கொதிநீர் ஊற்றி ஆறவைத்த கரிமண்ணை மூடியுள்ள கண்ணாடிப் பெட்டியில் நிரப்பித் தூவுங்கள். மண்ணால் மூடக் கூடாது, ஏனெனில் பெரும்பாலான பெரணி ஸ்போர்கள் வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். 20 முதல் 25 டிகிரி செல்சியஸ், நேர் வெயில் படாத வெளிச்சம். ஒன்று முதல் மூன்று வாரத்தில் பச்சை படரத் தொடங்கும்.

ஸ்போர் எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும் என்பது அதன் நிறத்தைப் பொறுத்தது. ஆஸ்முண்டா போன்ற சிலவற்றின் ஸ்போர் பச்சை நிறம். 1970இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் பச்சை ஸ்போர்களின் சராசரி ஆயுள் 48 நாள் என்றும், பச்சையல்லாதவற்றுக்கு மூன்றாண்டுக்குச் சற்றுக் குறைவு என்றும் வந்தது. பச்சையாக இருந்தால் அன்றைக்கே விதையுங்கள்.

எவ்வளவு நெருக்கமாகத் தூவுகிறீர்கள் என்பதும் முடிவை மாற்றும். முதலில் முளைத்து வளர்ந்த புரோதாலஸ், ஆந்தரிடியோஜன் என்ற பொருளைச் சுரக்கும். அது பட்டதும் அக்கம்பக்கத்தில் பிந்தி வளர்பவை ஆணாக மாறிவிடும். 1950இல் வால்டர் டோப் பிராக்கன் பெரணியில் இதைக் கண்டார். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் செரடாப்டெரிஸில் இதைத் தெளிவாகவே பார்க்கலாம்: நெருக்கமான தட்டில் ஆண்கள் மிகுதி, தனியாக வளர்ந்தது இருபாலும் கொண்டது. ஆகவே ஒப்பிட வேண்டிய தட்டுகளில் ஒரே அடர்த்தியில் தூவுங்கள். ஸ்போரை நீரில் கலந்து சொட்டுச் சொட்டாக அளந்து இட்டால் எளிது.

சில புரோதாலஸ்களைத் தனித்தனிக் கிண்ணத்தில் ஒற்றையாக வளர்த்துப் பாருங்கள். வாரம் இரு முறை மேலே நீர் தெளியுங்கள், ஆணணு நீந்த வேண்டுமே. ஒற்றையாகவே வளர்ந்தும் குட்டிப் பெரணி வந்தால், ஒரே ஒரு ஸ்போர் புது இடத்தில் ஒரு கூட்டத்தைத் தொடங்க முடியும் என்று பொருள். தொலைதூரத் தீவுகளில் பெரணிகள் குடியேறியதைப் புரிந்துகொள்ள இதைவிட மலிவான சோதனை கிடையாது.

படி 5: களத்தில் எண்ணுவது

மலைச்சரிவை ஆய்வு செய்பவர்கள் பலர் 20 மீட்டருக்கு 20 மீட்டர் கட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். கோஸ்டாரிக்காவில் 100 முதல் 3,400 மீட்டர் உயரம் வரை இப்படி 156 கட்டங்களைப் பார்த்த ஆய்வு 484 இனங்களைப் பதிவு செய்தது. இன எண்ணிக்கை 1,700 மீட்டர் அருகே உச்சம் தொட்டது. நீங்களும் அதே அளவை எடுத்தால் பிறருடைய எண்களோடு ஒப்பிட முடியும்.

'எத்தனை செடி' என்று எண்ணப் போனால் மாட்டிக்கொள்வீர்கள். மட்டநிலத்தண்டு மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டே இருக்கும். மேலே நூறு இலை தெரிந்தாலும் அடியில் ஒரே செடியாக இருக்கலாம். இலைகளின் எண்ணிக்கையையோ, தரையை மூடும் விழுக்காட்டையோ பதிவு செய்யுங்கள். ஒரே புதருக்குள் பத்துக் கட்டம் போட்டுவிட்டு பத்து மாதிரி என்று சொல்லாதீர்கள். புள்ளியியல் பார்வையில் அது ஒன்றுதான். தனித்தனிப் புதர்கள் வேண்டும். மரத்தில் தொற்றி வளர்பவற்றை அடிமரம், நடுமரம், உள்கிளை, வெளிக்கிளை என்று பிரித்து எழுதினால் போதும்.

இனி அந்த மறுபாதி. கட்டத்துக்குள் ஈரமான மண்மேடு, பாறைப் பிளவு, அழுகிய கட்டை ஆகிய இடங்களில் முட்டி போட்டு லென்ஸோடு தேடுங்கள். புரோதாலஸ்கள் கிடைக்கும். கண்ணால் பார்த்து இனம் சொல்வது பெரும்பாலும் முடியாது, டிஎன்ஏதான் வழி. மூரியா, டஹிட்டி தீவுகளில் இப்படிச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், சில இனங்களின் புரோதாலஸ் அவற்றின் பெரிய செடி இல்லாத இடங்களிலும் வாழ்வது தெரிந்தது. வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப் பகுதியில் விட்டாரியா அப்பலாச்சியானா என்றொரு இனம் இருக்கிறது. பாறை இடுக்குகளில் புரோதாலஸாகவே பரவி வாழ்கிறது; முதிர்ந்த பெரிய செடியை யாரும் கண்டதில்லை. பெரிய செடியை மட்டும் தேடும் பட்டியலில் இது இடம்பெறவே முடியாது.

மண்ணின் அமிலத்தன்மை, ஈரம், மேலிருந்து விழும் வெளிச்சம் ஆகியவற்றையும் அளந்துவிடுங்கள். அமேசான் காட்டில் ஹன்னா துவோமிஸ்டோவும் அவருடைய குழுவும் செய்த வேலை இதற்கு நல்ல முன்மாதிரி. அண்ணாந்து பார்த்து நூற்றுக்கணக்கான மர இனங்களைப் பெயர் சொல்வது கடினம். கீழே இருக்கும் பெரணிகளைப் பட்டியலிட்டால் மண்ணின் வளத்தைக் கணித்துவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள்.

படி 6: காட்டுக்கு அது என்ன செய்கிறது?

பேரழிவுக்குப் பின் முதலில் வருபவை பெரணிகள் என்று எல்லோரும் எழுதுவார்கள். சான்றும் உண்டு. 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்துத் தீவு சாம்பலான பிறகு, 1886இல் அங்கே போன தாவரவியலாளர் டிரூப், உள்பகுதியில் பெரணிகளே மிகுந்திருப்பதைக் கண்டார். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த எல்லைப் படிவத்துக்குச் சற்று மேலே, நியூ மெக்சிகோவின் ராட்டன் படுகையில், மகரந்தம் குறைந்து பெரணி ஸ்போர் திடீரென உயர்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஒரே செடி கோடிக்கணக்கில் ஸ்போர் உதிர்க்கக்கூடியது. படிவத்தில் உள்ள ஸ்போர் விழுக்காட்டை அப்படியே செடி விழுக்காடாகப் படிக்கக் கூடாது.

முதலில் வந்தவர் அடுத்தவருக்கு இடம் விடுவாரா என்பது வேறு கேள்வி. டிக்ரானாப்டெரிஸ் வகைப் பெரணிகள் நிலச்சரிவு நடந்த மண்ணை வலையாகப் பின்னிப் பிடித்துக்கொள்கின்றன, அரிப்பு குறைகிறது. புவேர்ட்டோ ரிக்கோவில் லாரன்ஸ் வாக்கர் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வு, அதே புதர் மரங்கள் வருவதைத் தள்ளிப்போடுவதையும் காட்டியது. இரண்டும் உண்மை. இதைச் சோதிக்க, சில கட்டங்களில் பெரணியை வெட்டி அகற்றுங்கள், சிலவற்றை அப்படியே விடுங்கள், நாற்றுகளை ஓரிரு ஆண்டு எண்ணுங்கள். இலையை மட்டும் வெட்டியதும், தண்டோடு பிடுங்கியதும் ஒரே சோதனை ஆகாது. பிடுங்கும்போது மண்ணும் கிளறப்படுகிறது.

சருகின் பங்கை அளக்க, நைலான் வலைப் பைகளில் எடை தெரிந்த உலர்ந்த இலையை வைத்துத் தரையில் விட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து எடை போடுவார்கள். ஹவாய்க் காடுகளில் பூக்கும் தாவரங்களின் சருகைவிடப் பெரணிச் சருகு மெதுவாக மட்கியது.

மரத்தின்மேல் வளரும் அஸ்ப்ளீனியம் நிடஸ், கூடை மாதிரி இலைகளை விரித்து விழும் சருகையெல்லாம் பிடித்துவைக்கும். போர்னியோவின் டானம் பள்ளத்தாக்கில் இந்தக் கூடைகளைப் பிரித்துப் பார்த்தபோது, மர உச்சியின் மீதிப் பகுதி முழுவதிலும் இருந்த அளவுக்குக் கிட்டத்தட்டச் சமமான சிற்றுயிர்கள் எடைக் கணக்கில் இவற்றுக்குள்ளேயே இருந்தன. 2004இல் வெளியான இந்த முடிவு, அதற்கு முந்தைய மதிப்பீடுகளை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. முழுக் கூடையையும் பையால் மூடி இறக்கினால்தான் இந்தக் கணக்கு கிடைக்கும். கையால் கிளறினால் பாதி ஓடிவிடும்.

அசோலா என்ற மிதக்கும் நீர்ப்பெரணியின் இலைக்குழிக்குள் நாஸ்டாக் என்ற நீலப்பச்சைப் பாக்டீரியா குடியிருந்து காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது. தலைமுறை தலைமுறையாக ஸ்போரோடு சேர்ந்தே அது கடத்தப்படுகிறது. அளக்கும் எளிய வழி: மூடிய குப்பியில் அசிட்டிலின் செலுத்தி, எவ்வளவு எத்திலினாக மாறுகிறது என்று பார்ப்பது. 2004இல் ஆர்க்டிக் கடலடியில் துளையிட்டபோது சுமார் 4.9 கோடி ஆண்டு பழைய, அசோலா நிறைந்த படிவம் கிடைத்தது. அந்த அசோலாப் பெருக்கமே பூமியைக் குளிர்வித்தது என்பது இன்னும் ஒரு கருதுகோள்தான், அப்படியே எழுதுங்கள்.

டெரிஸ் விட்டாட்டாவின் கதை வேறு. மரப் பதனிடு ரசாயனத்தால் கெட்டுப்போன ஃபுளோரிடா மண்ணில் வளர்ந்த இந்தப் பெரணி ஆர்செனிக்கை உறிஞ்சி இலையில் சேர்க்கிறது என்று 2001இல் அறிவித்தார்கள். உலர் எடையில் 2.3 விழுக்காடு வரை போனது. உங்கள் சோதனையில் சுத்த மண்ணில் வளர்ந்த செடிகளும் கட்டாயம் இருக்கட்டும். அறுத்த இலையை உரக்குழியில் போட்டுவிடாதீர்கள், அது நச்சுக் கழிவு. பிராக்கன் பெரணியோடு வேலை செய்பவர்கள் ஸ்போர் உதிரும் பருவத்தில் முகமூடி போட வேண்டும். அதில் உள்ள டாக்குவிலோசைடு கால்நடைகளுக்குப் புற்றுநோய் உண்டாக்குவது.

படி 7: எஞ்சியதைச் சேமியுங்கள்

உலர் மாதிரியை ஏதாவது ஒரு ஹெர்பேரியத்தில் (உலர்தாவரக் காப்பகம்) கொடுத்து, அதன் எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுங்கள். பெயர் பின்னால் மாறினாலும் சால்வினியாவுக்கு நடந்தது போல எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

மிச்ச ஸ்போரைத் தூக்கிப் போடாதீர்கள். அசென்ஷன் தீவின் அனோகிராமா அசென்ஷியோனிஸ் என்ற பெரணி அழிந்துவிட்டதாக 2003இல் அறிவிக்கப்பட்டது. 2009இல் அங்குள்ள பச்சை மலையில் சில செடிகள் கண்ணில் பட்டன. உடனே ஸ்போர் உள்ள இலைத்துண்டுகளை விமானத்தில் லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பி, அகார் தட்டில் முளைக்கவைத்துப் பெருக்கினார்கள். நான்காம் படியில் சொன்ன அதே வேலைதான். பச்சையல்லாத ஸ்போராக இருந்தால் காகித உறையில் நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள். உறையின்மேல் இனப் பெயரோடு பறித்த தேதி, இடம், மாதிரி எண் மூன்றையும் பென்சிலில் எழுதுங்கள். மை ஈரத்தில் கரைந்துவிடும்.